ஆத்துல போட்டு குளத்துல தேடுறது: மீட்புத் தன்னார்வலர் பயிற்சியோட கதை

"ஆத்துல போட்டுட்டு குளத்துல தேடுறான் பாரு"ன்னு வீட்டுல திட்டு வாங்காதவங்க நம்ம தலைமுறையில குறைவு. சாவியைத் தொலைச்சா இதே வசனம், ரிமோட்டைத் தொலைச்சாலும் இதே வசனம். இந்தப் பழமொழிக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. கதையோட நாயகன் சுந்தரர். அவர் பிறந்த ஊர் திருநாவலூர். இன்னைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்பேட்டை பக்கம்.

திருமுதுகுன்றத்துல, அதாவது இப்போதைய விருத்தாசலத்துல, சிவபெருமான் சுந்தரருக்குப் பன்னிரண்டாயிரம் பொன் கொடுக்கிறார். அவ்வளவு பொன்னையும் வழியில தூக்கிட்டுப் போறது எப்படி? "மணிமுத்தாத்துல போடு, திருவாரூர் குளத்துல எடுத்துக்கோ"ன்னு சொல்லிடுறார். ஆத்துல போட்டது குளத்துல கிடைக்குது. அந்த மணிமுத்தாறு நம்ம கல்வராயன் மலையில இருந்து இறங்கி வர்ற ஆறுதான்.

பக்தியோட படிச்சா இது அற்புதம். ஆனா மீட்புப் பயிற்சியில தண்ணீர் வகுப்பு எடுக்கிறவங்களுக்கு இதுல பாதி ரொம்ப சாதாரண விஷயம். ஆத்துல விழுந்தது விழுந்த இடத்துல இருக்காது. அதனால ஒருத்தர் தண்ணிக்குள்ள போயிட்டார்னா கரையில நிக்கிற ஒரு ஆளுக்கு ஒரே ஒரு வேலை கொடுப்பாங்க: கடைசியா அவரைப் பார்த்த இடத்துல இருந்து கண்ணை எடுக்காம நிக்கணும். கத்தக்கூடாது, ஓடக்கூடாது, விரலை நீட்டிட்டு நிக்கணும். தேடுற கூட்டம் அந்த விரலை வெச்சுத்தான் கீழ்ப்பக்கமா தேட ஆரம்பிக்கும்.

இந்த எபிசோடு அந்த வகுப்புகளைப் பத்தினது. சீருடைப் படைகளை விட்டுடுவோம். சம்பளம் வாங்காம, பக்கத்து வீட்டுல இருந்து ஓடி வர்ற ஆளுக்கு யார், எப்போ, எதுக்காகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சாங்க? சொல்லிக்கொடுத்த பிறகு அந்த ஆள் என்ன ஆனார்?

என்னை இதுக்குள்ள இழுத்தது 2024 டிசம்பர். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராம அங்கேயே உட்கார்ந்து கொட்டுச்சு. விழுப்புரம் மாவட்டம் மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர். டிசம்பர் 2 விடியுறதுக்குள்ள சாத்தனூர் அணையில இருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரைக்கும் திறந்துவிட, தென்பெண்ணை ஊருக்குள்ள ஏறிடுச்சு. அதே நாள் விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவுல, அரசூர்ல, மலட்டாத்துத் தண்ணி சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மேலேயே ஓடுச்சு. போக்குவரத்து நின்னுபோச்சு.

எங்க அம்மா வழி மாமா அந்தப் பக்கம்தான். போன் பண்ணி "என்ன மாமா, தண்ணி வந்துருச்சா, யாராவது வந்தாங்களா?"ன்னு கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்றேன்: "யாருடா வருவா? ரோடே இல்ல. நாங்களே நாலு பேரு கயிறு கட்டிக்கிட்டு நிக்கிறோம்."

அந்த வாக்கியத்தை மேப்ல வெச்சுப் பாருங்க. தேசிய பேரிடர் மீட்புப் படையோட தமிழ்நாட்டு பட்டாலியன் அரக்கோணத்துல இருக்கு. அங்கேர்ந்து திருநாவலூருக்கு சாலை வழியா 150 கிலோமீட்டருக்கு மேல. வர்ற வழியிலதான் அரசூர். படை எவ்வளவு திறமையா இருந்தாலும், வடக்குல இருந்து வர்ற முக்கியமான பாதை அறுந்துபோன பிறகு முதல் சில மணி நேரம் அந்த நாலு பேரோடதுதான். அந்த நாலு பேருக்குக் கயிறு கட்டத் தெரியுமா தெரியாதாங்கிறதுதான் கேள்வி.

"நல்ல மனசு இருந்தா போதாதா, பயிற்சி எதுக்கு?"ன்னு கேட்டா, அதுக்கான பதில் 1985ல மெக்சிகோ சிட்டியில கிடைச்சது. செப்டம்பர் 19 காலையில பெரிய நிலநடுக்கம். அரசாங்கம் சுதாரிக்கிறதுக்குள்ள ஜனங்களே இடிபாடுகளுக்குள்ள இறங்கி, வெறும் கையால தோண்டி, சுமார் 800 பேரைக் காப்பாத்தினாங்க. ஆனா அப்படிக் காப்பாத்தப் போனவங்கள்ல நூறு பேருக்கு மேல செத்துப்போனாங்க. எட்டு உயிருக்கு ஒரு உயிர்னு கணக்கு வருது. லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை இதைப் பார்த்துட்டு வந்துதான், குடியிருப்புவாசிகளுக்கே மீட்பு வகுப்பு எடுக்கிற திட்டத்தை ஆரம்பிச்சாங்க. பின்னாடி அது அமெரிக்கா முழுக்கப் பரவுச்சு. பத்து வருஷம் கழிச்சு ஜப்பான் கோபே நகரத்துல நிலநடுக்கம் வந்தப்போ, இடிபாட்டுல இருந்து வெளிய எடுக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்களை எடுத்தது பக்கத்து வீட்டுக்காரங்கதான்.

மெக்சிகோ கணக்கு நமக்குப் புதுசில்ல. நம்ம ஊர் பேப்பர்ல மாசத்துக்கு ஒரு தடவையாவது வர்ற செய்தி அது. குளத்துல ஒரு பையன் மூழ்க, காப்பாத்தப் போன அண்ணனும் மூழ்குறது. பாழுங்கிணத்துல தூர்வார இறங்கினவர் மயங்க, அவரைத் தூக்க இறங்கின ரெண்டாவது ஆளும் மூணாவது ஆளும் மேல வராம போறது. செப்டிக் டேங்க்லயும் இதே வரிசை. முதல் ஆளோட சாவுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ரெண்டாவது ஆளும் மூணாவது ஆளும் பாசத்தால செத்தவங்க. மீட்புப் பயிற்சி முதல்ல காப்பாத்துறது அவங்களைத்தான்.

சரி, இந்தியாவுல இது எப்போ ஆரம்பிச்சது? என் தேடல்ல தெளிவா கிடைச்ச ஆரம்பம் ரெண்டாம் உலகப்போர். ஏ.ஆர்.பி. என்கிற விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கை அமைப்பு. பிரிட்டன்ல 1937லயே சட்டம் போட்டு ஆரம்பிச்சதை இங்கேயும் கொண்டு வந்தாங்க. தெருவுக்கு வார்டன், தீயணைப்புக்குத் துணைப்படை, முதலுதவிக் குழு, இடிஞ்ச வீட்டுல இருந்து ஆளை எடுக்க மீட்புக் குழு. குமாஸ்தா, வாத்தியார், கடைக்காரர் எல்லாருக்கும் மணல் வாளி எப்படிப் பிடிக்கணும், ஸ்ட்ரெச்சரை எப்படித் தூக்கணும்னு வகுப்பு.

1942 ஏப்ரல்ல ஜப்பான் விமானங்கள் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா, திருகோணமலைன்னு வரிசையா குண்டு போட்டதும் மெட்ராஸ் காலியாக ஆரம்பிச்சது. ரயில் ரயிலா ஜனங்க உள்நாட்டுக்குக் கிளம்பினாங்க. அரசு அலுவலகங்களும் உள்ளூர்களுக்கு நகர்ந்தன. கடைசியில மெட்ராஸ் மேல குண்டு விழுந்தது 1943 அக்டோபர்ல. ஒரே ஒரு விமானம், கொஞ்சம் சேதம். ஆனா அதே அக்டோபர்ல நகரத்தை உண்மையில அடிச்சது மழையும் வெள்ளமும். சென்னை வெள்ளங்களோட பட்டியலை எடுத்தா 1943 அதுல இருக்கும். குண்டுக்குத் தயாரான ஊருக்குத் தண்ணி வந்தது. போர் முடிஞ்சதும் அந்த ஏ.ஆர்.பி. அமைப்பைக் கலைச்சுட்டாங்க.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1957ல நாக்பூர்ல மத்திய அவசரகால நிவாரணப் பயிற்சி நிலையம் வந்தது. இது இயற்கைப் பேரிடரை மனசுல வெச்சு ஆரம்பிச்சது. அப்புறம் 1962ல சீனப் போர், 1965ல பாகிஸ்தான் போர். திசை மாறிடுச்சு. ஊர்க்காவல் படையை நாடு முழுக்க ஒரே மாதிரி அமைக்கச் சொன்னாங்க. 1968ல குடிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, நாக்பூர் நிலையமும் தேசிய குடிமைப் பாதுகாப்புக் கல்லூரி ஆச்சு. வெள்ளத்துக்கும் புயலுக்கும் ஆரம்பிச்ச பள்ளிக்கூடத்துல மறுபடியும் சைரனும் இருட்டடிப்பும் முன்னாடி வந்து உட்கார்ந்தது. சட்டத்தைத் திருத்தி, பேரிடரும் குடிமைப் பாதுகாப்போட வேலைன்னு எழுத 2009 வரைக்கும் ஆச்சு.

எனக்கு இதுல உறுத்துற விஷயம் வரைபடம். குடிமைப் பாதுகாப்பு எதிரி குறிவைக்கக்கூடிய இடங்களுக்காகத் திட்டமிட்டது. துறைமுகம், அணுமின் நிலையம், எல்லையோர நகரம். 2025 மே 7ஆம் தேதி நாடு முழுக்க ஒத்திகை நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டுல அன்னைக்கு நடந்தது சென்னையிலயும் கல்பாக்கத்துலயும். போருக்கு அது சரியான பட்டியல்தான். ஆனா திருநாவலூரைக் குறிவைக்க எந்த எதிரியும் வர மாட்டான். அங்கே வர்றது கெடிலமும் தென்பெண்ணையும்தான். எதிரியை வெச்சு வரைபடம் போட்டா ஆத்தங்கரை கிராமம் அதுல விழாது.

திருப்பம் 2004 டிசம்பர் 26. சுனாமி. தமிழ்நாட்டுல மட்டும் கிட்டத்தட்ட 8,000 பேர் இறந்தாங்க. அதுல ஆறாயிரத்துக்கும் மேல நாகப்பட்டினம் மாவட்டத்துல. அடுத்த வருஷமே பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2006ல தேசிய பேரிடர் மீட்புப் படை. அரக்கோணம் பட்டாலியன் அப்படி வந்ததுதான். 2014 ஜூன்ல மௌலிவாக்கத்துல 11 மாடிக் கட்டடம் இடிஞ்சப்போ அந்தப் படையோட வேலையை நாம டிவியில பார்த்தோம். 61 பேர் இறந்த அந்த இடத்துல இருந்து 27 பேரை உயிரோட எடுத்தாங்க. மூணு நாள் கழிச்சும் ஒருத்தர் உயிரோட வெளிய வந்தார். இடிபாட்டுல நடுவுல நடுவுல எல்லா மெஷினையும் நிறுத்திடுவாங்க. யாரும் பேசக்கூடாது. கான்கிரீட்டைத் தட்டி, குரல் கொடுத்துட்டுக் காதை வெச்சுக் கேப்பாங்க. அந்த அமைதியும் வகுப்புல சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். சுத்தி நிக்கிற ஐந்நூறு பேரை வாயை மூட வைக்கிறது அதைவிடப் பெரிய பாடம்.

ஆனா படை வர நேரம் ஆகும். 2015 சென்னை வெள்ளத்துல மீனவர்கள் படகோட தெருவுக்குள்ள வந்தாங்க. 2018 கேரள வெள்ளத்துல அரசுக் கணக்குப்படியே 669 மீன்பிடிப் படகுகள் இறங்கி, சுமார் 65,000 பேரைக் கொண்டுவந்து சேர்த்தாங்க. இந்த வரிசையில 2016ல ஆரம்பிச்ச திட்டம்தான் 'ஆப்த மித்ரா'. ஆபத்துல உதவுற நண்பன்னு அர்த்தம். (திருநாவலூருக்குப் பக்கத்துல சேந்தமங்கலத்துல, கெடிலம் கரையில, காடவ மன்னர் காலத்துக் கோயில் ஒண்ணு இருக்கு. அங்கே இருக்கிற சிவன் பேர் ஆபத்சகாயேசுவரர். டெல்லியில பேர் வெச்சவங்களுக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல.)

முதல் கட்டத்துல 25 மாநிலங்கள்ல வெள்ள அபாயம் அதிகமான 30 மாவட்டங்கள், மாவட்டத்துக்கு 200 பேர், மொத்தம் 6,000. 2021ல அதை விரிச்சாங்க: 350 மாவட்டம், ஒரு லட்சம் பேர். வயசு 18ல இருந்து 40. பன்னிரண்டு நாள் பயிற்சி. முடிச்சவங்களுக்கு லைஃப் ஜாக்கெட், டார்ச், விசில், ஹெல்மெட், முதலுதவிப் பெட்டி எல்லாம் அடங்கின ஒரு பை.

பன்னிரண்டு நாள்ல என்ன கத்துக்க முடியும்னு தோணும். தண்ணி வகுப்பை மட்டும் எடுத்துக்குங்க. அங்கே முதல் விதி: குதிக்காதே. மூழ்குறவர் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தா, தரையில படுத்துக்கிட்டு கம்பை நீட்டு, துண்டை நீட்டு, புடவையை நீட்டு. எட்டலைன்னா வீசு, கயிறோ மூடின காலி கேனோ. அதுவும் முடியலைன்னா படகு, பரிசல், லாரி டியூப். தண்ணியில இறங்குறது கடைசி வழி. அப்பவும் மிதக்கிற பொருள் கையில இல்லாம இறங்கக்கூடாது. ஏன்னா மூழ்குறவர் உங்களைப் பிடிக்கிற பிடி நீச்சல் தெரிஞ்சவரையும் கீழே இழுத்துடும். மிதக்கிற பொருளுக்குக் கடைக்குப் போக வேண்டாம். காலி பிளாஸ்டிக் குடம், மூடின காலி தண்ணி பாட்டில்களைப் போட்டுக் கட்டின சாக்கு, உரிக்காத தேங்காய் ரெண்டு மூணைச் சேர்த்துக் கட்டினது, வாழைத்தண்டுல தெப்பம். நம்ம பாட்டிகள் பசங்களுக்கு நீச்சல் பழக்க முதுகுல சுரைக்குடுக்கை கட்டின அதே இயற்பியல்.

வெளிய எடுத்த பிறகு மூச்சு இல்லைன்னா, நெஞ்சுல அஞ்சு சென்டிமீட்டர் ஆழத்துக்கு 30 அழுத்தம், ரெண்டு ஊதல். நிமிஷத்துக்கு நூறுல இருந்து நூத்தி இருபது வேகம். தண்ணியில மூழ்கினவருக்கு அந்த ஊதல் ரொம்ப முக்கியம், அவருக்குக் குறைஞ்சது காத்து. தலைகீழாத் தூக்கிச் சுத்துறது, வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்கிறது, இதெல்லாம் சினிமா. நேரத்தை மட்டும் தின்னும்.

தமிழ்நாட்டுக்குன்னு தனியா இன்னொரு அடுக்கும் இருக்கு. வெள்ளம் தேங்கும்னு அடையாளம் கண்ட இடங்களுக்கு 'முதல்நிலைப் பொறுப்பாளர்'னு உள்ளூர்க்காரங்களையே பதிவு பண்ணி வெச்சிருக்காங்க, பெண்களும் உண்டு. கால்நடையைப் பார்க்க, விழுந்த மரத்தை அறுக்கத் தனித்தனி ஆட்கள். இது எனக்குப் பிடிச்ச யோசனை. மாடு அவிழ்க்காம ஒரு வீட்டுக்காரரை நீங்க வெளிய கூட்டிட்டுப் போகவே முடியாது, கிராமம் தெரிஞ்சவங்களுக்கு அது புரியும்.

இப்போ நான் சொல்ல வந்த இடம். 1942ல இருந்து இன்னைக்கு வரைக்கும் வகுப்பு நடத்துறது நமக்குக் கஷ்டமாவே இருந்ததில்ல. ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு வகுப்பு வந்திருக்கு. வகுப்பு முடிஞ்ச மறுநாள் அந்தப் பட்டியலை யார் வெச்சிருக்காங்க, அர்த்தராத்திரியில யார் அவங்களைக் கூப்பிடுவாங்க, வருஷத்துக்கு எத்தனை தடவை மறுபடி பயிற்சி? நாம சறுக்குறது இங்கேதான்.

பக்கத்துல கேரளா இதுக்கு ஒரு எளிமையான பதில் வெச்சாங்க. 2018 வெள்ளத்துக்கு அப்புறம் குடிமைப் பாதுகாப்புத் தன்னார்வலர்களைத் தீயணைப்பு நிலையத்தோட கட்டிட்டாங்க. 124 நிலையம், நிலையத்துக்கு 50 பேர், மொத்தம் 6,200. எண்ணிக்கை சின்னதுதான். ஆனா மணி அடிக்கிற இடமும் பட்டியல் இருக்கிற இடமும் ஒண்ணு. பிரிட்டன்ல 1824ல ஆரம்பிச்ச உயிர்காப்புப் படகு அமைப்பும் இப்படித்தான் இரு நூற்றாண்டு ஓடியிருக்கு. ஆட்கள்ல பெரும்பாலானவங்க வேற வேலை பார்க்கிற தன்னார்வலர்கள், பேஜர் அடிச்சா படகுத்துறைக்கு ஓடணும், வழக்கமான பயிற்சி தவறாது. நம்ம ஐடி கம்பெனியில ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா யாருக்கு போன் போகணும், அவர் எடுக்கலைன்னா அடுத்து யார்னு அட்டவணை இருக்கும். ஒரு ஷாப்பிங் ஆப்புக்கு இருக்கிற ஒழுங்கு கெடிலம் கரைக்கு வேணும்னு கேக்கிறது பேராசையா?

இப்போ 'யுவா ஆப்த மித்ரா'ன்னு அடுத்த கட்டம் வந்திருக்கு. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., சாரணர் இயக்கம் மாதிரி அமைப்புகள்ல இருந்து 315 மாவட்டங்கள்ல 2.37 லட்சம் இளைஞர்களுக்குப் பயிற்சின்னு திட்டம். கேக்குற உங்கள்ல பல பேர் இந்த வயசுதான். சேருங்க. ஆனா எனக்கு ஒரு சந்தேகம், அது என் சொந்த அனுபவத்துல இருந்து வர்றது. காலேஜ்ல நானும் முகாமுக்குப் போனேன். முதலுதவி, கயிறு முடிச்சு, ஸ்ட்ரெச்சர். சான்றிதழ் வாங்கி, ரெஸ்யூமேல ஒரு வரி சேர்த்து, லிங்க்ட்இன்லயும் போட்டேன். அதுக்கப்புறம் இத்தனை வருஷத்துல ஒரு போன் வந்ததில்ல. நான் படிச்ச ஊர்ல இல்ல, வேலைக்கு வேற ஊர், நம்பரும் மாத்தியாச்சு. பட்டியல்ல நான் இன்னும் இருந்தா, அது இல்லாத ஆளோட பேர். நெஞ்சழுத்தப் பயிற்சி சில மாசத்துலயே கையை விட்டுப் போகும்னு ஆய்வுகள் சொல்லுது. அப்போ என் சான்றிதழ் எதைச் சான்றளிக்குது?

இந்தப் பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த டிசம்பர்ல எப்படிக் கட்டினீங்கன்னு கேட்டேன். மாடு கட்டுற கயிறு. ஒருத்தன் இடுப்புல சுருக்குப் போட்டு, மறுமுனையைப் புளியமரத்துல சுத்தி, மூணு பேர் பிடிச்சிருக்காங்க. சுருக்கு முடிச்சு இழுக்க இழுக்க இறுகும், ஓடுற தண்ணியில இடுப்பை நெரிச்சு மூச்சை நிறுத்திடும்னு வகுப்புல சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. "இறுகாத கண்ணி முடிச்சு ஒண்ணு இருக்கு மாமா"ன்னு பெருமையா கயிறை வாங்கினேன். முதல் தடவை அவிழ்ந்துபோச்சு. ரெண்டாவது தடவை அது சுருக்காவே வந்தது. மாமா சிரிக்கல. "இன்னொரு தரம் போடு"ன்னார். போன்ல வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து மூணாவது தடவை வந்தது. அப்புறம் அவர் கையில கொடுத்தேன். அவர் ரெண்டே தடவையில கத்துக்கிட்டு, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டார்.